வாலிலிருந்து தொடங்கும் மீன்

வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தால் எனக்குப் பயம். கூரியர்க்காரர் எங்கள் கோட்டைக்குப்பம் வரைக்கும் வரமாட்டார். பழவேற்காடு பஜாரில் ஒரு கடையில் கொடுத்துவிட்டுப் போன் செய்வார். என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, பொன்னேரியில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது அதை வாங்கிக் காலிக் கூடையில் போட்டுக்கொண்டு வருவாள். தலையில் கூடையும் முகத்தில் சிரிப்புமாக அவள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் நான் போய் அடுப்பை அணைத்துவிடுவேன். உள்ளே என்ன இருக்கிறதோ, எது பற்றிக்கொள்ளுமோ, யார் கண்டது.

நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று, பின்கட்டு ஒன்று. அவளுக்கு எதற்கும் பயம் கிடையாது. எனக்குப் பயத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. நான் திருப்பாலைவனத்துப் பெண். காலையில் வயலுக்குப் போன ஆம்பளை மத்தியானம் சோற்றுக்கு வந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவள். கல்யாணமாகிக் கடற்கரைக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் காற்று அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். புருஷன் படகேறினால் கும்பிடுவேன், இறங்கினால் கும்பிடுவேன். நடுவில் இருக்கிற நேரத்தில்தான் துணி துவைப்பது, சமைப்பது எல்லாம்.

அப்படிப்பட்டவளுக்குப் பக்கத்து வீட்டில் இப்படி ஒருத்தி.

முதலில் சோப்பு. போனில் யாரோ செய்வதைப் பார்த்துவிட்டு காஸ்டிக் சோடாவும் தேங்காய் எண்ணெயும் வாங்கி வந்தாள். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டுமாம். இவள் சோடாவின் தலையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டாள். வாளி பொங்கிக்கொண்டு வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்குக் கண்ணெல்லாம் எரிந்தது. நான் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. அவள் மணிக்கட்டில் பட்ட இடத்தைத் தண்ணீரில் காட்டிக்கொண்டே சொன்னாள்: "கத்தாதடி செல்வி. இப்பதான் ஆரம்பிச்சிக்கீறேன். கை பழகட்டும்."

கை பழகட்டும். அதுதான் அவள் வாயில் வரும் சொல். அதைக் கேட்டாலே நான் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவேன்.

சோப்பு நன்றாகவே வந்தது, பொய் சொல்லக் கூடாது. தாழம்பூ வாசனையோடு, வெண்ணெய்க்கட்டி போல. மகளிர் குழுவில் இருந்த ஒரு பெண் வந்து, பாக்கெட் போட்டு விற்கலாம், நல்ல காசு பார்க்கலாம் என்றாள். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "விடிஞ்சதுலேர்ந்து வேலைதானே செய்றேன்? இது வெளாட்டும்மா. இத்தயும் வித்தா இதுவும் வேலையாப் பூடும்," என்றாள். ஊரில் யாருக்கும் இது விளங்கவில்லை. காசுக்காக ராத்திரி பகலாக உழைத்தால் புரிந்துகொள்வார்கள். சாமிக்காகச் செய்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒன்றுக்கும் இல்லாமல் ஒரு பெண் மணிக்கணக்காக உட்கார்ந்து எதையோ செய்தால், அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் பேசுவார்கள்.

சோப்பு கைக்கு வந்ததும் அவள் அதை விட்டுவிட்டாள். அது அவள் வழக்கம். ஒன்று சரியாக வருகிற வரைக்கும்தான் அவளுக்கு அதில் ருசி. வந்துவிட்டால், "கை வந்துடுச்சி, அப்புறம் இன்னா கீது அதுல," என்று தட்டுமுட்டுகளைப் பரணில் ஏற்றிவிடுவாள்.

பிறகு கிளிஞ்சலை இழைத்துப் பளபளப்பாக்கும் மிஷின் வந்தது. பின்கட்டில், படகு எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் கேனுக்கு நாலு முழம் தள்ளி அதைச் செருகி ஓட்டினாள். பொறி பறந்தது. நான் மாமியார் வீட்டுச் சாமான் என்றும் பார்க்காமல் கேனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பிறகு கம்பளி நூலும் கொக்கி ஊசியும். அதில் பயமில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவளோ படகு எஞ்சினுக்கு ரோஸ் கலரில் ஒரு சட்டை பின்னிவிட்டாள், கழுத்தில் பூ வேலையோடு. அவள் புருஷன், என் மூத்தார், அதை எஞ்சினுக்கு மாட்டிக்கொண்டே கடலுக்குப் போனார். படகு ஒதுங்கும் ரேவில் எல்லோரும் சிரித்தார்கள். "குளிருக்கு நல்லதுதான்பா," என்றார் அவர். நூல் பிரிந்து எஞ்சினில் மாட்டி நடுக்கடலில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் வந்ததுதான் பச்சை குத்தும் மிஷின்.

பேனா அளவுதான் இருக்கும். பட்டனை அழுத்தினால் பெரிய வண்டு ஒன்று அறைக்குள் மாட்டிக்கொண்ட சத்தம். முதலில் எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகினாள். பிறகு வாழைப்பழத் தோல். அதுவும் போதாமல் கெளுத்தி மீனுக்கு வந்தாள். கெளுத்திக்குச் செதில் கிடையாது, தோல் நம் தோல் மாதிரியே இழுபடும் என்று அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

எனக்கு அது தெரியாது. ஒருநாள் அவள் கொடுத்தனுப்பிய குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்தேன். அதன் மேல் நீலமாக ஒரு பூ இருந்தது. ஐந்து இதழ், நடுவில் பொட்டு.

"அய்யோ, இது இன்னாக்கா?"

நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "பூவுடி. நல்லா வந்துக்குதா?"

"வெசமா இருந்தா?"

"தோல உரிச்சிட்டுத் துன்னு. நானும்தான் துன்னேன், உசுரோடதானே கீறேன்?"

நான் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். அன்று அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்தது மனிதத் தோல்தானே. மூத்தார்தான் முதலில் கையை நீட்டினார். அவர் அவளுக்கு எதையும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. நங்கூரம் போடச் சொன்னார். அவள் மீன் போட்டாள். அடுத்து என் வீட்டுக்காரர், என் பெயரைப் போடச் சொன்னாராம். மீன்தான் கிடைத்தது. மூன்றாவது கோபி, அவர்களுடைய அத்தை மகன், அதே படகில் போகிறவன். அவன் புலி கேட்டான். "எனக்கு மீனுதான் வரும். வேணுமா வேணாமா?" என்று கேட்டுவிட்டு அவனுக்கும் மீனையே குத்தினாள். ஆளுக்கு ஒரு புது ஊசி போட்டாளா என்று நான் கேட்டுக் கேட்டு அவளுக்கே கோபம் வந்துவிட்டது.

அவள் மீனை வாலிலிருந்து ஆரம்பிப்பாள். எல்லோரும் தலையிலிருந்துதானே வரைவார்கள் என்று கோபி கேட்டான். "தலைய முன்னாடி போட்டா கண்ணு வந்துடும். அப்புறம் அது நம்மளயே பாத்துக்கினு கெடக்கும். கை நடுங்கும். வால்லேர்ந்து போனா அதுக்குத் தெரியாமலே போட்டு முடிச்சிடலாம்," என்றாள். ஊசியை முதலில் வைக்கும் இடத்தில் கொஞ்சம் தயங்குவாள். அங்கே மை ஒரு கடுகளவு தேங்கிவிடும்.

மூன்றாவது மீன் முடிந்ததும் கோபி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா. இனிமே எங்கனா கரை ஒதுங்குனாலும் ஆளு யாருன்னு தெரிஞ்சிடும்ல," என்று சிரித்தான்.

அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு உள்ளே போனேன். அன்றிலிருந்து என் வீட்டுக்காரரின் அந்தக் கையை நான் பார்க்கவில்லை. சோறு போடும்போதும் மறு பக்கம் நின்றுதான் போடுவேன். அவர் அந்தக் கையை என்மேல் போட்டால் கண்ணை மூடிக்கொள்வேன். பார்த்தால்தானே அது அடையாளம்? பார்க்காவிட்டால் வெறும் மைதான் என்று என் மனசுக்கு ஒரு கணக்கு.

"கை வந்துடுச்சி," என்று அக்கா அந்த மிஷினையும் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டாள்.

கார்த்திகை பிறந்த சமயம். மூன்று பேரும் ஒரே ஃபைபர் படகில் போனார்கள். போன பிறகுதான் காற்று அறிவிப்பு வந்தது. மற்ற படகுகள் அடித்துப் பிடித்துக்கொண்டு முகத்துவாரத்துக்குள் வந்து சேர்ந்தன. எங்கள் படகு வரவில்லை. போன் போகவில்லை. மறுநாள் முழுவதும் மழையும் காற்றும். காற்று அடங்கியதும் தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். வந்து எங்கள் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

நானும் அக்காவும் கோபியின் மனைவி தேவியும் மீன் ஏலக் கொட்டகையிலேயே கிடந்தோம். நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் டீ வாங்கி வந்து வாயில் வைத்து ஊற்றினாள். "எஞ்சின் நின்னுருக்கும். காத்து வடக்கால தள்ளிக்கினு போயிருக்கும். வருவாங்க," என்று சொன்னதையே சொன்னாள்.

மத்தியானம் சுள்ளென்று வெயில் அடித்தபோது பஞ்சாயத்தில் இருக்கும் தணிகாசலம் அண்ணன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வந்தவர் எங்களிடம் வராமல் ஆம்பளைகளிடம் ஏதோ சொன்னார். அங்கே எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

"ஆந்திரா பக்கம் ஒரு கரைல ஒருத்தர் ஒதுங்கிக்கீறாராம்மா," என்றார். "மூஞ்சி தெரியலியாம். கைல மீன் பச்ச கீதாம். போட்டோ அனுப்பிக்கிறாங்க."

மூன்று பேர் கையிலும் மீன். ஒரே மீன்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கடவுளே, என் வீட்டுக்காரராக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்ட அதே நொடியில், அப்படியானால் அது அக்காவின் புருஷனாகவோ தேவியின் புருஷனாகவோ இருக்க வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன் என்பதும் தெரிந்தது. தெரிந்தும் வேண்டிக்கொண்டேன். அவர்களும் அதையேதான் வேண்டியிருப்பார்கள்.

கூட்டத்தில் ஒருத்தி அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "வெளாட்டு வெளாட்டுன்னு குத்தினியே, பாத்தியா இப்ப! ஒரு பொணம் ஒதுங்குனா மூணு வூட்ல எழவு கொட்டற மாதிரி பண்ணிட்டியே!"

அக்கா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தணிகாசலம் அண்ணன் போனை முதலில் தேவியிடம் நீட்டினார். தேவி முகத்தை மூடிக்கொண்டாள். என்னிடம் நீட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஊதிப்போன ஒரு கை, அதில் நீலமாக ஏதோ. என் வீட்டுக்காரரின் மீன் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் அதைப் பார்க்கவே இல்லையே. "தெரியலண்ணா, எனக்குத் தெரியல," என்று அலறினேன்.

அக்கா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். வெயில் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அவளுடைய இன்னொரு கை தொடையின்மேல் மெல்ல நகர்ந்தது. வளைந்து போய், திரும்பி, மறுபடி வளைந்து வந்தது. அவள் அந்த மீனை மறுபடி போட்டுப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"இது என் கை இல்ல," என்றாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

"பாத்துட்டேண்ணா. மை எங்க தேங்கிக்கீதுன்னு நீயே பாரு. மூக்குகிட்ட கீது. இத்தப் போட்டவன் தலைலேர்ந்து ஆரம்பிச்சிக்கிறான். நான் போட்டதுல ஒண்ணுகூட அப்படிக் கெடையாது. இது நம்ம ஆளு இல்ல."

தேவி என் மடியில் சாய்ந்துவிட்டாள். யாரோ மாரியாத்தா என்று கும்பிட்டார்கள். அக்கா மட்டும் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கை நடுங்க ஆரம்பித்தது. அவளுக்குக் கை நடுங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப இது எவ வூட்டு ஆளு?" என்றாள். "எங்கியோ ஒருத்தி இன்னும் தேடிக்கினு இருப்பாளே. இத்தப் போட்டவன் பாத்தா சொல்லிடுவானே. அவன் எங்க கீறானோ."

தணிகாசலம் அண்ணன் அவள் கையிலிருந்து போனை மெல்ல வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே எங்கள் ஆட்களிடமிருந்து போன் வந்தது, யாருடைய போனிலிருந்தோ. அக்கா சொன்னதுபோல எஞ்சின்தான். வடக்கே அடித்துக்கொண்டு போனவர்களை ஆந்திராப் படகு ஒன்று கட்டி இழுத்துக் கரை சேர்த்திருக்கிறது. இரவல் லுங்கியில், உதடெல்லாம் வெடித்து வந்து இறங்கினார்கள். என் வீட்டுக்காரரின் கையை இழுத்துப் பிடித்து நான் அந்த மீனை முதல் முறையாகப் பார்த்தேன். வால் நுனியில் கடுகளவு மை இருந்தது. அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வேன்.

அடுத்த வாரத்திலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் கொட்டகையில் கத்தினாளே, அவளேதான். மகனைக் கையோடு கூட்டி வந்திருந்தாள்.

"இவனுக்கு ஒண்ணு போட்டு வுடுக்கா."

"நான் வுட்டுட்டேம்மா. மிஷின் மேல கெடக்குது."

"எடுக்கா. மீனு வாணாம், வேற எதுனா போடு."

"வேறன்னா இன்னா மாதிரி?"

அவள் மகனின் கையைப் பிடித்து முன்னால் நீட்டினாள். "உனக்குத் தெரியற மாதிரி," என்றாள்.

வந்தவள் கேட்பது படம் இல்லை என்று அக்காவுக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. நாளைக்கு இன்னொரு போன் வந்தால் அதை வாங்கிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் அவள் இவளைக் கேட்டாள். முடியாது என்று எந்த வாயால் சொல்வது? அக்கா பரணில் ஏறி மிஷினை இறக்கினாள்.

நண்டு, சங்கு, பிறை, படகு, வலைக்கண்ணி, வேப்பிலை. ஒருவருக்குப் போட்டது இன்னொருவருக்கு இல்லை. கூடை சுமந்துவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு உட்காருவாள். காசு வாங்கவில்லை. வாங்கினால் வேலையாகிவிடும் என்று சொன்னவள், வாங்காமலேயே அதை வேலையாகத்தான் செய்தாள். கை பழகட்டும் என்று ஒரு தடவைகூட அவள் வாயில் வரவில்லை. பார்சலும் வரவில்லை. பார்சல் வந்தால் பயந்துகொண்டிருந்த நான், வராததற்குப் பயப்பட ஆரம்பித்தேன். "புதுசா எதுனா ஆரம்பியேன்க்கா," என்று நானே கேட்டுப் பார்த்தேன். "எங்கடி நேரம்," என்றாள்.

விடியற்காலையில் படகுக்குப் போகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். போகும்போது முன்கையைத் திருப்பி அவளிடம் காட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. முதலில் விளையாட்டாகச் செய்தார்கள். பிறகு காட்டாமல் போனால் ஆகாது என்று ஆகிவிட்டது. அவள் துடைப்பமும் கையுமாக நின்று ஒவ்வொரு கையாகப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். எனக்கு அந்த நேரத்தில் வெளியே வரவே பிடிக்காது. போகிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் காட்டினார்கள். பார்க்கிறவள் முகத்தில்தான் சிரிப்பு இல்லை. காற்று பலமாக அடித்தால் அவளும் இப்போது என்னைப்போலச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். ஊரில் இருக்கிற அத்தனை கையும் அவள் கண்ணுக்குள்ளேதான் இருந்தது.

அடுத்த ஆண்டு நாங்கள் கோட்டைக்குப்பத்தை விட்டோம். என் நச்சரிப்புத் தாங்காமல்தான். மீஞ்சூரில் ஒரு கிடங்கில் வண்டி ஓட்டும் வேலை கிடைத்து, என் வீட்டுக்காரர் கடலை விட்டார். சாமான்களை வேனில் ஏற்றி முடித்ததும் அக்கா வந்தாள். நேராக என் வீட்டுக்காரரிடம் போய்க் கையைப் பிடித்துத் திருப்பினாள். அந்த மீனை வாலிலிருந்து தலை வரைக்கும் விரலால் ஒரு தடவை தடவினாள்.

"தம்பி இனிமே கடலுக்குப் போவாதில்ல?" என்று என்னைக் கேட்டாள்.

"போவாதுக்கா."

"நெசமா?"

"எங்கம்மா மேல சத்தியமா."

அவள் அவர் கையை விட்டாள்.

"அப்ப இந்த ஒண்ண நான் மறந்துடலாம்," என்றாள்.